செவ்வந்தி பேரில் ஒரு கடன்

ஆடி பிறந்து பத்தாம் நாள் செவ்வந்திக்குக் கடன் தர முடியாது என்று வங்கியில் சொன்னார்கள்.

அம்மாப்பேட்டைக் கிளைக்கு அவள் நடவு இயந்திரத்துக்காக விண்ணப்பித்திருந்தாள். நான்கு வருடமாக அவள் பாய் நாற்று விட்டு விற்றுவந்தாள். பிளாஸ்டிக் தாளின்மேல் சலித்த மண்ணைப் பரப்பி விதை தெளித்தால் பதினைந்து நாளில் பாய்போலச் சுருட்டி எடுக்கலாம். அந்த நாற்றை இயந்திரத்தில்தான் நட முடியும். இயந்திரமோ வேறு ஆளுடையது. ஏக்கருக்கு வரும் பணத்தில் பாதிக்கு மேல் அவருக்கே போனது. சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டால் கணவன் இளவழகன் ஓட்டுவான், நாற்று, நடவு இரண்டும் ஒரே கையில் இருக்கும். சம்பா நடவுக்கு முன்னால் வாங்கிவிட வேண்டும் என்பது அவள் திட்டம்.

மேலாளர் ஸ்ரீரஞ்சனி அவளை உட்காரச் சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தாள்.

"செவ்வந்தி, இதுக்கு முன்னாடி வெளில எங்கயாவது கடன் வாங்கியிருக்கீங்களா?"

"நகைக்கடன்தான் மேடம். உங்ககிட்டயேதான். மாசியில மீட்டுட்டேன்."

"அது தெரியுது. அதில்லாம இன்னொண்ணு காட்டுது. கட்டாம நிக்குது. அதனாலதான் உங்க சிபில் ஸ்கோர் ஐந்நூத்தி அறுபத்தொண்ணுல இருக்கு."

"எத்தனைக்கு மேடம்?"

"தொள்ளாயிரத்துக்கு."

செவ்வந்தி மனதுக்குள் கணக்குப் போட்டாள். அறுபது சதவீதத்துக்கு மேலே வந்தது. "அப்ப பாஸ்தானே மேடம்?"

ஸ்ரீரஞ்சனிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "இது பரீட்சை மார்க் மாதிரி இல்லைங்க. எழுநூறுக்கு மேல இருந்தாதான் நான் மேல அனுப்பவே முடியும். நீங்க முதல்ல உங்க ரிப்போர்ட்டை முழுசா எடுத்துப் பாருங்க. வருஷத்துக்கு ஒரு தடவை இலவசம். அதுல என்ன இருக்குன்னு பாத்துட்டு வாங்க, பேசலாம்."

வெளியே வந்த செவ்வந்திக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாங்காத கடன் எப்படிக் கட்டாமல் நிற்கும்?

கடைத்தெருவில் அப்சர் இ-சேவை மையம் வைத்திருந்தார். ஐம்பது வயதுக்காரர். சுற்றுவட்டாரத்தில் பட்டா, சிட்டா, வருமானச் சான்று எது வேண்டுமானாலும் அவரிடம்தான் வருவார்கள். செவ்வந்தியின் போனுக்கு வந்த எண்ணைக் கேட்டு வாங்கித் தட்டி, ஏழு பக்கம் அச்செடுத்தார். எல்லாம் ஆங்கிலம். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படிக்க ஆரம்பித்தார்.

"வி. செவ்வந்தி. பொறந்த தேதி ஒண்ணு ஆறு எண்பத்தஞ்சு. சரியாம்மா?"

"சரிதான் அண்ணே."

"பான் நம்பர் உன்னுதுதான். விலாசம் மூணு இருக்கு. ஒண்ணு இந்த ஊரு. ஒண்ணு உங்க அம்மா ஊரு. மூணாவது கோடியக்காடு ரோடு, வேதாரண்யம். அங்க எப்ப இருந்த?"

"நான் வேதாரண்யம் பஸ்ஸுல கூட ஏறுனதில்லையே."

அப்சர் பக்கத்தைப் புரட்டினார். "போன் நம்பர் ரெண்டு. ஒண்ணு உன்னுது. இன்னொண்ணு யாருன்னு தெரியல. கடன் ரெண்டு. நகைக்கடன் முடிஞ்சுபோச்சு. இது பாரு, குழுக்கடன், ரெண்டாயிரத்துப் பத்தொம்பது ஜனவரி, முப்பத்தஞ்சாயிரம். பாக்கி ஒம்போதாயிரத்து நூறு." அடுத்த வரியைப் படித்தார். அவர் முகம் மலர்ந்தது. "அட, ரிட்டன் ஆஃப்னு போட்டிருக்கான். தள்ளுபடி ஆயிடுச்சு தங்கச்சி! அப்புறம் என்ன பிரச்சினை?"

கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் தள்ளுபடி என்றால் பெயர்ப்பட்டியல் ஒட்டுவார்கள். ஊரே போய்ப் பார்க்கும். தள்ளுபடி என்பது நல்ல சேதி என்றுதான் செவ்வந்திக்கும் தெரியும். ஆனால் இதை நல்ல சேதி என்று எடுத்துக்கொள்ளவும் அவளால் முடியவில்லை.

வீட்டில் இளவழகன் ஏழு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வாங்காத கடனை எவன் தள்ளுபடி பண்ணுவான்? யாரோ உன் பேர்ல வாங்கியிருக்கான்." பிறகு மெதுவாகச் சொன்னான்: "உன் தம்பி போன் வாங்குறப்ப ஆதார், பான் கார்டு ரெண்டும் ஜெராக்ஸ் வாங்கிட்டுப் போனானே. எந்த வருஷம் அது?"

செவ்வந்தி யோசித்தாள். கஜா புயலுக்கு அடுத்த தை மாதம். அதாவது ரெண்டாயிரத்துப் பத்தொன்பது.

தம்பி செழியன் பட்டுக்கோட்டையில் ஒரு தேங்காய் மண்டியில் எடை எழுதுகிறான். அவனுக்கும் அந்தப் புயலில் கூரை போயிருந்தது. அப்போது ரொம்பச் சிரமப்பட்டான். செவ்வந்தி போன் செய்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் கேட்ட விதம் தப்பாகிவிட்டது.

"தம்பி, பத்தொம்பதுல எம் பேர்ல எதாச்சும் கடன் வாங்குனியா? நெசத்தச் சொல்லு. நான் கோவிச்சுக்க மாட்டேன். நானே கட்டிடுறேன்."

செழியனின் குரல் கடுமையாக வந்தது.

"கட்டிடுறேங்கிற. அப்ப நான்தான் வாங்குனேன்னு முடிவே பண்ணிட்ட."

"இல்லடா, கேக்குறேன்..."

போன் அணைந்துவிட்டது. ஒவ்வொரு ஆடிப்பெருக்குக்கும் தேங்காய் மூட்டையோடு வருகிறவன் அந்த வருடம் வரவில்லை.

செவ்வந்தி மறுபடி வங்கிக்குப் போனாள்.

"தள்ளுபடின்னா நீங்க நெனைக்கிறது இல்லைங்க," என்றாள் ஸ்ரீரஞ்சனி. "அரசாங்கம் பண்றது வேற. இந்த ஆளுகிட்டேர்ந்து இனிமே பணம் வராதுன்னு கம்பெனி கைகழுவிட்டதா எழுதி வெச்சிருக்கு. கடன் போகல. கெட்ட பேர் மட்டும் நிக்குது."

"அப்ப நான் கட்டணுமா, கட்ட வேண்டாமா?"

"வாங்கியிருந்தா கட்டணும்."

"வாங்கலையே மேடம்."

"அப்ப கட்டாதீங்க. கட்டினா நீங்கதான் வாங்கினீங்கன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

ஒன்பதாயிரத்து நூறைக் கட்டித் தொலைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம் என்று வரும்போது நினைத்திருந்தாள். அந்த வழியும் அடைபட்டது. ரிப்போர்ட் கொடுக்கும் நிறுவனத்துக்கே புகார் செய்யலாம் என்றும், முப்பது நாளுக்குள் அவர்கள் கடன் கொடுத்த கம்பெனியிடம் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும் என்றும் ஸ்ரீரஞ்சனி எழுதிக்கொடுத்தாள். அப்சர் கடையில் உட்கார்ந்து 'இந்தக் கடன் என்னுடையது அல்ல' என்ற கட்டத்தில் டிக் போட்டுப் புகாரை அனுப்பினார்கள்.

இருபத்தாறாம் நாள் பதில் வந்தது. அப்சர் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் வாய் திறந்தார்.

"கம்பெனியில கேட்டாங்களாம். விவரம் எல்லாம் சரியா இருக்குன்னு கம்பெனி சொல்லிட்டாங்களாம். மாத்துறதுக்கு ஒண்ணுமில்லையாம்."

செவ்வந்திக்கு அன்றைக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. புயலுக்கு அப்புறம் யார் யாரோ வந்தார்கள். நிவாரணம் என்று சொல்லி எத்தனையோ தாளில் கையெழுத்து வாங்கினார்கள். அதில் ஒன்று இதுவாக இருக்குமோ? முப்பத்தைந்தாயிரம் ரூபாயைக் கையில் வாங்கி ஒரு பெண் மறந்துபோவாளா? மறக்க மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பீரோவைத் திறந்து, பழைய தாள்களை எல்லாம் தரையில் கொட்டி, மாலைவரை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதுவும் இல்லை.

அப்போதுதான் ரிப்போர்ட்டில் இருந்த அந்த இரண்டாவது போன் எண் ஞாபகம் வந்தது. அழைத்தாள். ஒரு பெண் எடுத்தாள்.

"ஹலோ, யாருங்க?"

"செவ்வந்தி பேசுறேன்."

"நாந்தான் செவ்வந்தி பேசுறேன். நீங்க யாரு?"

"நான் செவ்வந்திங்க. வி. செவ்வந்தி."

"நாந்தாங்க வி. செவ்வந்தி!"

"உங்க பொறந்த தேதி ஒண்ணு ஆறு எண்பத்தஞ்சுங்களா?"

மறுமுனையில் திடுக்கிட்டது கேட்டது. "என் பேரு, தேதி எல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்? ஓடிபி கேக்குற ஆளுங்களா நீங்க? போலீசுக்குச் சொல்லிருவேன்!" என்று வைத்துவிட்டாள். அதன்பின் எத்தனை தடவை அழைத்தும் எடுக்கவில்லை.

மறுநாள் காலை செவ்வந்தி ரிப்போர்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். மன்னார்குடியில் ஒரு பஸ், திருத்துறைப்பூண்டியில் ஒரு பஸ் மாறி, வேதாரண்யம் போய்ச் சேர மதியமாகிவிட்டது. வழியெல்லாம் ஒரு திருடியைத்தான் மனதில் வைத்திருந்தாள். என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக யோசித்துவைத்திருந்தாள்.

கோடியக்காடு சாலையில் விசாரித்ததும் உப்பு பாக்கெட் போடும் கொட்டகையைக் காட்டினார்கள். உள்ளிருந்து வந்த பெண் ஒல்லியாக, உப்பில் வெளுத்த விரல்களோடு இருந்தாள். செவ்வந்தியைவிட மூத்தவள் போலத் தெரிந்தாள்.

"கலெக்‌ஷனுக்கு வந்திருக்கீங்களா?" என்றாள் எடுத்த எடுப்பில். "நான்தான் எல்லாத்தையும் கட்டிட்டேனே."

"கலெக்‌ஷன் இல்லைங்க. நேத்து போன் பண்ணுனது நான்தான்." செவ்வந்தி தன் ஆதார் அட்டையை நீட்டினாள்.

வேதாரண்யத்துச் செவ்வந்தி அதைப் பார்த்தாள், எதிரில் நின்றவளைப் பார்த்தாள், மறுபடி அட்டையைப் பார்த்தாள். பிறகு வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தன் அட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். ஒரே பெயர். ஒரே தேதி. இவள் அப்பா பெயர் வேம்பு. அவள் கணவர் பெயர் வைரக்கண்ணு. ஆங்கிலத்தில் இரண்டும் 'வி'தான்.

"ஜூன் ஒண்ணு பள்ளிக்கூடத்துல போட்டதுங்க," என்றாள் வேதாரண்யத்துக்காரி. "நான் பொறந்தது கார்த்திகையில, அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி."

"எனக்கும் எட்மாஸ்டர் போட்டதுதான். நான் அதே வருஷம் மாசியில பொறந்தேன்."

"அப்ப நீ எனக்குத் தங்கச்சி," என்றாள் அவள். முதல் தடவையாகச் சிரித்தாள்.

கேட்க நினைத்ததெல்லாம் செவ்வந்திக்கு மறந்துபோனது. ரிப்போர்ட்டைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். மற்றவள் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்தாள். அதில் மஞ்சள் நிறக் கடன் அட்டை. வாரம் அறுநூற்று ஐம்பது வீதம், ஒவ்வொரு வரியிலும் வசூல்காரரின் கையெழுத்து. இருவரும் விரலை வைத்து எண்ணினார்கள். அறுபத்திரண்டு வாரமும் கட்டியிருந்தது.

"கூரை போடத்தான் வாங்குனேன். குழுவுல நான் ஒருத்திதான் ஒரு வாரம்கூடத் தவறல. கடைசி வாரம் கட்டுன கையோட ஊரடங்கு வந்துச்சு. ஆபீசும் இங்கேர்ந்து நாகப்பட்டினத்துக்குப் போயிடுச்சு. போன வருஷம் கருவாட்டு வியாபாரத்துக்கு இன்னொரு பேங்குல கேட்டேன். என்ன சொன்னான் தெரியுமா? உங்க பேர்ல கடன் வாங்குன கணக்கே இல்ல, உங்கள நம்பி எப்படிக் குடுக்குறதுன்னான். அறுபத்திரெண்டு வாரம் கட்டுனேனே, அது எங்கதான் போச்சுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல."

அது எங்கே போயிற்று என்று இப்போது தெரிந்தது. கட்டியவளிடம் பான் கார்டே இல்லை. எப்படியோ, யாரோ, செவ்வந்தியின் பான் எண்ணை அந்தக் கடனில் ஏற்றியிருக்கிறார்கள். பாக்கி என்று காட்டிய ஒன்பதாயிரத்து நூறு சரியாகப் பதினான்கு வாரத் தவணை. அந்தப் பதினான்கு வாரத்துக்கும் அட்டையில் கையெழுத்து இருந்தது.

கிளம்பும்போது வேதாரண்யத்துச் செவ்வந்தி கேட்டாள்: "தங்கச்சி, உன் பேர்லேர்ந்து இத எடுத்துட்டா, இது எங்க போவும்?"

"எங்க போவும்? போயிடும்." சொல்லி முடிக்கும் முன்பே செவ்வந்திக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஊருக்குத் திரும்பியதும் ஸ்ரீரஞ்சனியின் யோசனைப்படி கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதினாள். இந்த முறை விலாசம், கணவர் பெயர், வாக்காளர் அட்டை எல்லாம் வேறு வேறு என்று விவரமாகக் காட்டியிருந்தாள். ஒரே வாரத்தில் பதில் வந்தது. பான் எண் தவறாக ஏறியிருக்கிறது, ஒப்புக்கொள்கிறோம். நீங்கள் சம்மதம் அனுப்பினால் இந்தக் கடனை உங்கள் பெயரிலிருந்து நீக்கி, உரிய கடனாளியின் பெயருக்கு மாற்றிவிடுவோம்.

"ஜெயிச்சிட்ட தங்கச்சி," என்றார் அப்சர். "சம்மதம்னு அடிச்சு அனுப்பவா?"

"மாத்துறப்ப அந்தத் தள்ளுபடியும் சேந்து போவுமா அண்ணே?"

அப்சர் மறுபடி படித்தார். "இருக்கிறபடியே மாத்துறதாத்தான் எழுதியிருக்கான்."

"நாளைக்குச் சொல்றேன்" என்று வந்துவிட்டாள். மறுநாளும் போகவில்லை.

புரட்டாசி நெருங்கிக்கொண்டிருந்தது. சம்பா நாற்றுக்கு முன்பணம் வர ஆரம்பித்திருந்தது. இளவழகன் பொறுமை இழந்தான்.

"உன் பேரு சரியானா போதும். அவங்க வழக்க அவங்க பாத்துக்கட்டும். நாமளா அவங்க பணத்தத் தின்னோம்?"

அவன் சொன்னதில் தப்பில்லை. சம்மதம் அனுப்புவதிலும் தப்பில்லை. ஆனால் அந்த மஞ்சள் அட்டையை அவள் விரல் வைத்து எண்ணியிருந்தாள். கட்டி முடித்தவளின் தலையில் கட்டாதவள் என்ற பெயரைத் தன் கையாலேயே தூக்கி வைப்பதுபோல இருந்தது. எது நியாயம் என்று அவளுக்கே சரியாகப் பிடிபடவில்லை. தூக்கமும் வரவில்லை, வேலையும் ஓடவில்லை. மூன்றாம் நாள் காலை வேதாரண்யத்துக்குப் போன் செய்தாள்.

"அக்கா, அந்த அட்டைய எடுத்துக்கிட்டு நாகப்பட்டினம் ஆபீசுக்கு வர முடியுமா? நானும் வரேன்."

நாகப்பட்டினத்தில் கிளை அலுவலகம் மாடியில் இருந்தது. அதிகாரி அச்சுதன் அந்தக் கிளைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கையில் இருந்த தாளைப் பார்த்தபடி கூப்பிட்டார்.

"வி. செவ்வந்தி யாருங்க?"

இரண்டு பேரும் எழுந்தார்கள்.

"ஒருத்தர் வந்தா போதும். யாரு கடன் வாங்கினது?"

"நாந்தாங்க," என்றாள் மூத்தவள்.

"கட்டாதது?"

"யாரும் இல்லைங்க," என்றாள் இளையவள்.

அச்சுதன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அப்ப கம்ப்யூட்டர்ல கட்டலைன்னு இருக்கிறது யாரு?"

"அதத்தான் கேக்க வந்திருக்கோம்."

ஒரு மணி நேரம் ஆனது. மஞ்சள் அட்டையின் கடைசிப் பதினான்கு கையெழுத்தையும், பழைய வசூல் நோட்டையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். நோட்டில் அந்த வாரங்கள் காலியாக இருந்தன. வசூல் செய்தவர் வேலையை விட்டுப் போய் நாலு வருடமாகிறது என்றார். குரல் தணிந்துவிட்டது.

"அட்டையில எங்க ஆள் கையெழுத்து இருக்கு. அது எங்களைத்தான் கட்டுப்படுத்தும். கட்டி முடிஞ்சதுன்னு மாத்த மேல எழுதுறேன். ஆனா கொஞ்ச நாள் ஆகும். அவங்க பேர்லேர்ந்து எடுக்கிறத மட்டும் வேணும்னா இன்னிக்கே..."

"வேணாம் சார்," என்றாள் அம்மாப்பேட்டைச் செவ்வந்தி. "கட்டி முடிஞ்சதுன்னு மாத்துங்க. அதுக்கப்புறம் அக்கா பேருக்குப் போகட்டும். ரெண்டையும் ஒரே கடுதாசியில எழுதிக்குடுங்க."

எழுதிக்கொடுத்தார். வரும் வழியில் மூத்தவள் பஸ் நிலையத்தில் இரண்டு டீ வாங்கினாள். காசு கொடுக்க விடவில்லை.

கொஞ்ச நாள் என்பது நாற்பது நாளாக நீண்டது. சம்பா நடவு முழுக்க வாடகை இயந்திரத்திலேயே ஓடியது. இயந்திரக்காரர் அந்த வருடம் பார்த்து ஏக்கருக்கு முந்நூறு ரூபாய் ஏற்றினார். இளவழகன் முணுமுணுக்காமல் அதை எண்ணிக் கொடுத்தான். அதுவே செவ்வந்திக்கு உறுத்தலாக இருந்தது. வாரத்துக்கு இரண்டு தடவை அப்சர் கடைக்குப் போனாள். ஐப்பசி முதல் வாரத்தில் அவர் புது ரிப்போர்ட்டை அச்செடுத்தார். ஐந்து பக்கம்தான் வந்தது. வேதாரண்யம் இல்லை, குழுக்கடன் இல்லை. ஸ்கோர் எழுநூற்று முப்பத்தெட்டு. ஸ்ரீரஞ்சனி அன்றைக்கே மனுவை மேலே அனுப்பினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செவ்வந்தி பட்டுக்கோட்டைக்குப் போனாள். செழியன் மண்டியில் தேங்காய்க் குவியலுக்கு நடுவே நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் எடை நோட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டான்.

"தப்பு என்மேலதான்டா," என்றாள். நடந்ததை எல்லாம் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே எழுதினான். கடைசியில் பேனாவை மூடினான்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன். அந்த வருஷம் உன் கார்டக் குடுத்து ஒரு கடன் வாங்கிடலாமான்னு எனக்குத் தோணுச்சு. ஒரு கம்பெனி வாசல் வரைக்கும் போனேன். குடுக்காம திரும்பிட்டேன். நீ கேட்டப்ப அவ்வளவு கோவம் வந்தது அதனாலதான்."

அவன் சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று செவ்வந்திக்கு ஒரு நொடி தோன்றியது; சொன்னது நல்லதுதான் என்றும் தோன்றியது. "சாப்ட்டியா?" என்று கேட்டாள். இருவரும் எதிர்க்கடையில் சாப்பிட்டார்கள்.

ஐப்பசி கடைசியில் இயந்திரம் வந்து இறங்கியது. குறுவை அறுத்துவிட்டுத் தாமதமாகத் தாளடி போட்டவர்கள் சிலர் இன்னும் நட ஆள் கிடைக்காமல் இருந்தார்கள். மழைக்கு நடுவே பதினோரு ஏக்கர் கிடைத்தது. இளவழகன் முதல் நாள் வரிசையைக் கோணலாக ஓட்டினான். இரண்டாம் நாள் நேராக வந்துவிட்டது.

மூன்றாம் நாள் வரப்பில் நின்றுகொண்டிருந்தபோது வேதாரண்யத்திலிருந்து போன் வந்தது.

"தங்கச்சி, நானும் பான் கார்டு வாங்கி ரிப்போர்ட்டு எடுத்துட்டேன். முப்பத்தஞ்சாயிரம், கட்டி முடிஞ்சதுன்னு போட்டிருக்கு! ஸ்கோரும் வந்திருக்கு. கருவாட்டுக் கடனுக்கு மனு குடுக்கலாம்னு சொல்லிட்டாங்க."

"நல்லதுக்கா. ரொம்ப சந்தோஷம்."

"ஆனா ஒண்ணு." குரலில் குழப்பம் தெரிந்தது. "என் விலாசத்துல அம்மாப்பேட்டைன்னு ஒண்ணு இருக்கே. அது யாருது?"

செவ்வந்தி போனை மறு காதுக்கு மாற்றினாள். "அது என்னுதுக்கா. அந்தத் தாள எனக்கு அனுப்பி விடுங்க. நாளைக்கே அப்சர் அண்ணன் கடையில போய் ஒரு புகார் எழுதிடலாம்."